தலைமாட்டு ஆள்

நாற்காலி சுவரில் மோதிக் கால் முறிந்தது. முறிந்த கால் அவன் கையோடு வந்தது.

முதல் அடி தடியனின் தோளில் இறங்கியது. இரண்டாவதை மீசை முழங்கையால் தடுத்தான். எலும்பில் விழுந்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

அடுத்த அடிக்குள், பிடிக்க வந்த நால்வரும் ஒன்றாகப் பாய்ந்து அவனைத் தரை மெத்தையில் சாய்த்துவிட்டார்கள்.

மனநல ஆஸ்பத்திரி அது. யாராவது கைமீறிப் போனால் பிடிக்க ஐந்து பேர். கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், ஐந்தாமவர் தலைமாட்டில். ஊசி ஏறும்வரை அசையவும் விடக் கூடாது, ஒரு விரல்கூட நோகவும் கூடாது.

தலைமாட்டில் இருப்பவர் மட்டும்தான் பேசலாம். கலங்கிய மண்டைக்குள் ஏற்கெனவே சந்தை இரைச்சல். நீங்களும் போய்க் கடை விரிக்காதீர்கள் என்பது இந்தக் குழுவை நடத்தும் அண்ணன் போட்ட சட்டம். தலைமாடு எப்போதும் அண்ணனுடையது.

இன்று நான்கு பேர்தான்.

தலைமாட்டில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் குருவி மாதிரி இருக்கிறாள் என்று அண்ணன் வைத்த பெயர். அவளுடைய வழக்கமான இடம் இடது கால். இந்தத் தலையை மட்டும் தொடமாட்டோம் என்று மற்ற மூன்று பேரும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவள் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே அந்த முகம் திமிறியது. ஏதாவது பேச வேண்டும்.

சட்டென்று முகம் திரும்பிப் பற்கள் அவள் மணிக்கட்டில் இறங்கின. ரத்தம் அவன் தாடையில் வழிந்தது. பிடியில்லாத இடது கால் பறந்து வந்து, வலது காலைக் கட்டிக் கிடந்த தடியனின் வாயைக் கிழித்தது.

ஊசியோடு வாசலில் நின்ற நர்ஸ் பின்வாங்கினாள். இப்போது போட முடியாவிட்டால் கீழ்த்தளத்துப் பூட்டறைதான். அங்கே பிடிக்க மனுஷர் கிடையாது, கட்டிலோடு கட்டும் தோல் வார்தான்.

"கைய முறுக்குடா!" என்றான் தடியன்.

"அறிவிருக்கா? ஒடிஞ்சிரும்!" என்றான் மீசை.

"ஏய் சிட்டு, வாயில என்ன கொழுக்கட்டையா? ஏதாவது சொல்லித் தொலையேன்!" இடது கையில் தொங்கிய ஓட்டைவாய் அழுதுகொண்டே கத்தினான்.

இரைச்சல் ஏற ஏற, மெத்தையில் கிடந்தவன் மிரண்டான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. மண்டையை மெத்தையில் மடார் மடாரென்று மோதினான். சிட்டு தன் கடிபட்ட கையையே அதற்கு அடியில் கொடுத்தாள்.

அப்போது அந்த ரத்த வாய் திறந்தது.

"தலையிருக்க வால் ஆடலாமாடா? ஒரு குரல்தான் கேக்கணும்னு உங்களுக்கு எத்தன தடவ சொல்றது!"

மூன்று பேரும் கப்சிப். எத்தனையோ வருஷமாக அந்தக் குரலுக்கு அடங்கிய வாய்கள்.

சிட்டு குனிந்தாள். இத்தனை காலம் கால்மாட்டிலிருந்து நேராகப் பார்த்த அண்ணனின் முகம், இன்று அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"நாங்கதாண்ணே இருக்கோம். ஒரே ஒரு ஊசி. சுருக்குனு குத்தும், அப்புறம் தூக்கம் வரும். முழிக்கிறப்பவும் நாங்கதான் இருப்போம்."

இந்த இடத்தில் உட்கார்ந்து அவர் எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தைகள்.

நர்ஸ் வந்து மண்டியிட்டாள்.

வெறி இன்னும் இறங்கவில்லை. கைகள் இரண்டும் பிடிக்குள் துள்ளின. வலது கால் தடியனையே தூக்கித் தூக்கி அடித்தது.

இடது கால் மட்டும், பிடிக்க ஆளே இல்லாமல், ஊசி ஏறி முடியும்வரை ஆடாமல் கிடந்தது.