தெபோராவின் கட்டுச்சோறு

"ஏம்மா தெபோரா, இது ப்ரோகிராமா, திமிங்கிலமா?"

பராணிக்கோ அண்ணன் கேட்டதும் நாங்க எல்லாரும் அவ திரையை எட்டிப் பார்த்தோம். எங்க ப்ரோகிராம் எல்லாம் நெத்திலி சைஸ். அவளோடது மட்டும் ஏகப்பட்ட கனம்.

"ஸ்டாட்டிக்கா கட்டிட்டேன் அண்ணே. வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கு."

மீனும் சோறும் தின்னுட்டு எல்லாரும் அரைத்தூக்கத்துல இருந்த மதியம். வெளியே காயல் அசையாம கிடந்தது. அதோட வெளிச்சம் மட்டும் ஆபீஸ் கூரையில மெதுவா நெளிஞ்சுக்கிட்டிருந்தது. எங்க தராவா தீவுல அந்த நேரத்துல சண்டை போட யாருக்கும் தெம்பு இருக்காது. அண்ணனுக்கு இருந்தது.

இருக்காதா பின்னே? எங்க ப்ரோகிராம் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு லைப்ரரி உண்டு. கணக்குப் போடறது, தேதி பார்க்கறது எல்லாம் அதுல இருக்கும். மெஷின்ல ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும். எந்த ப்ரோகிராமும் அதுகிட்ட கேட்டு வாங்கிக்கும். அதை எழுதினது அண்ணன். அதுல ஒரு நகலை எடுத்துத் தன் ப்ரோகிராம் வயித்துக்குள்ள வெச்சுத் தைச்சுட்டா தெபோரா.

"ஊரே ஒரே பானையில சாப்பிடுது. மகாராணி மட்டும் கட்டுச்சோறா?"

அவ கூரையில நெளியற வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டிருந்தா.

"நாளைக்கு லைப்ரரில ஒரு தப்பைத் திருத்தினா, இன்டர்நெட்லயே அனுப்பிடுவேன். எல்லா ப்ரோகிராமும் சரியாயிடும். உன்னோடது?"

"திரும்பக் கட்டிக் கப்பல்ல அனுப்பறேன் அண்ணே."

"அனுப்புவே, அனுப்புவே! சொந்தக்காரன் வந்து புபுசின்னு ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டுட்டா, இல்லைன்னு சொல்லாம போட்டிருக்கற சட்டையையும் கழட்டிக் கொடுக்கற ஊர் இது. வாங்கவும் மாட்டேன், தரவும் மாட்டேங்கறது பிரிஸ்பேன்ல படிச்ச புத்தி."

நாங்க சிரிச்சோம். பாவம்னுகூடத் தோணல. எங்களுக்கும் அவ மேல அப்படி ஒரு எண்ணம்தான்.

அந்த ப்ரோகிராம் போறது தெற்குத் தீவு ஒண்ணுல இருக்கற ஆஸ்பத்திரிக்கு. குழந்தையோட எடையைத் தட்டினா மருந்து எவ்வளவுன்னு சொல்லும். மத்த இடத்துல எல்லாம் ஒழுங்கா ஓடுது. அங்க மட்டும் ரெண்டு தடவை படுத்துடுச்சு. அங்க இருக்கற ரோத்தே சிஸ்டர் மெஷினைச் சரியா பார்த்துக்கலைன்னு மேலிடத்துல முடிவே பண்ணிட்டாங்க. இன்னொரு தடவை நின்னா சிஸ்டருக்கு வேலை போயிடும். தீவுல பாதிப் பேரைப் பிரசவத்துல கையில ஏந்தி வெளியே எடுத்த மனுஷி அவங்க.

ஏன் நிக்குதுன்னு கேட்டா, சிஸ்டர் வாயே திறக்கல. தெபோரா கப்பலேறிப் போய்ப் பார்த்துட்டு வந்தா. திரும்பி வந்தவளும் வாயைத் திறக்கல. வந்த கையோட உட்கார்ந்து கட்டினதுதான் இந்தத் திமிங்கிலம்.

கப்பல் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, இதே மாதிரி ஒரு தூங்குமூஞ்சி மதியத்துல, அண்ணன் ரேடியோவுல சிஸ்டரைக் கூப்பிட்டார். குறை ஏதாவது வரும்னு ஆசைதான், வேறென்ன.

"மௌரி, வணக்கம் தம்பி! நல்லா ஓடுது. காலையிலகூட ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மருந்தளவை டக்குன்னு சொல்லிடுச்சு. இப்ப தூங்குது குட்டி."

சிஸ்டர் குரலுக்குப் பின்னால அலை இரைச்சல். அதுக்கும் பின்னால யாரோ பாடற மாதிரி இருந்தது. கடலே முணுமுணுக்குதோன்னு நினைச்சேன்.

அண்ணன் காதைத் தீட்டினார். "அது என்ன பாட்டு சிஸ்டர்?"

"அதுவா... மெஷின்லதான் தம்பி. என் மச்சான் பிள்ளைங்க பாட்டு ப்ரோகிராம் ஒண்ணு கொண்டுவந்து ஏத்தினாங்க. அதுக்கு முன்னாடி சித்தப்பா சீட்டு விளையாட்டு ஏத்தினார்."

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டார்.

"ஐயோ சிஸ்டர்! அதுங்க உள்ளே வரும்போது, என் லைப்ரரியைத் தூக்கிட்டு ஏதோ பழைய குப்பையை அந்த இடத்துல வெச்சிருக்கும். அப்புறம் அதை நம்பின ப்ரோகிராம் எப்படி ஓடும்? வேற எதையும் ஏத்தக் கூடாதுன்னு மெஷின் மேலயே ஒட்டியிருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"அப்புறம்? யார் வந்து கேட்டாலும் முகத்துல அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே!"

சிஸ்டர் சின்னக் குரல்ல சொன்னாங்க.

"புபுசின்னு வந்து நிக்கறாங்க தம்பி. எப்படி இல்லைங்கறது?"

சட்டையைக் கழட்டிக் கொடுக்கற ஊர்னு வகுப்பெடுத்தவர் ரேடியோவை வெச்சுட்டுத் தெபோரா பக்கம் திரும்பினார்.

"அங்க போனப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே."

"அப்ப சொல்லியிருந்தா, யாருக்கும் தராதீங்கன்னு மேலிடத்துலேர்ந்து கண்டிப்பா ஒரு உத்தரவு வாங்கிக் கொடுத்திருப்பேனே! எதுக்கு இத்தனை பேச்சு வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தே?"

கூரையில நெளியற வெளிச்சத்துலேர்ந்து கண்ணை எடுக்காமலே தெபோரா சொன்னா:

"உத்தரவு வந்தாலும் ரோத்தே அக்கா கொடுக்கத்தான் செய்வாங்க, அண்ணே. கேட்கறவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டே இருக்கட்டும்னுதான், யார்கிட்டயும் எதையும் கேட்காத மாதிரி இந்த ப்ரோகிராமைக் கட்டினேன்."