ஈரம் இருந்த இடம்

காட்டுயிர் காக்கும் அறக்கட்டளையின் விழாவில் சிறந்த இன்டர்ன் என்று நறுமுகையை மேடைக்கு அழைத்தபோது, எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவள் அவள் அம்மா சுகன்யாதான்.

ஒரு நிலத்தில் தானாக வாழும் உயிர்களுக்கு அறக்கட்டளை புள்ளி போடும்; நூறு புள்ளி சேர்ந்தால் நிலம் பூட்டப்படும். அதற்கப்புறம் குவாரிக்காரன் மட்டுமில்லை, மனிதர் எவருமே உள்ளே கால் வைக்க முடியாது. ஊருக்குப் பக்கத்துப் பாறைக் கரட்டுக்கு ஒரே ஒரு புள்ளி குறைந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நறுமுகை. மூன்று வருடமாக மழை பார்க்காத அந்தக் கரட்டில், அவள் அப்பாவின் சமாதியடியில், ஈர மண்ணுக்குள் ஒரு குட்டித் தவளை இருந்தது.

ஈரம் எப்படி வந்தது என்று படிவம் கேட்கவில்லை. சமாதியோரம் நட்ட அரளிக்கு அம்மா தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் சுமந்துபோய் ஊற்றுவாள். மனிதர் கை பட்டதற்குப் புள்ளி கிடையாது என்பதால் நறுமுகை அதை எழுதவில்லை. அம்மாவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிடலாம் என்று நம்பியிருந்தாள். அப்படி ஒரு அனுமதியே கிடையாது என்று மேடையேறும் முன்புதான் சொன்னார்கள்.

நிலத்தைப் பூட்டும் பொத்தானை அழுத்துவதுதான் அவளுக்கு அளித்த கௌரவம். அழுத்தாவிட்டால் சமாதியோடு சேர்த்துக் கரட்டையே குவாரிக்காரன் உடைத்துவிடுவான். அழுத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் குடத்தை எடுத்தாள். பூட்டெல்லாம் குவாரிக்காரனுக்குத்தான் என்பது அவள் நினைப்பு.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுரும்மா," என்றாள் நறுமுகை.

"உங்கப்பாவுக்கு மட்டும்னா நாளைக்கு ஊத்திக்கலாம்டி. இப்பதான் உன் தவளை வேற இருக்கே," என்று சிரித்தபடி அம்மா படியிறங்கினாள்.