கம்பைலரின் கண்ணைக் கட்டிய வரி

மருந்தேற்றும் பம்புகளுக்காக ஜெசிந்தா எழுதிய நிரலில் ஓர் எறும்பு நுழைந்தாலும் நிரலை ஓட்டும் முன்பே பிழை பார்க்கும் கம்பைலர் குலம் கோத்திரம் விசாரித்து, ஏழு தலைமுறைக்கு அத்தாட்சி கேட்கும். ஒரே ஒரு வரியில் மட்டும் அவளே அதன் கண்ணைக் கட்டியிருந்தாள். எந்தக் கம்பெனிப் பம்பு வருமோ, வந்த பிறகு ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. இன்று புதுப் பம்பு வந்துவிட்டது.

"ஒரு எரர்கூட இல்லக்கா. வார்டுல மாட்டியாச்சு," என்றான் பக்கத்து இருக்கை தாவீது.

"அந்த ஒரு வரிய கம்பைலர் பாக்கவே பாக்காதுடா!"

நான்கு மாடியும் நாற்பது மாடியாகத் தோன்ற வார்டுக்கு ஏறி ஓடியவள், நோயாளியின் கைக்குப் போகும் குழாயை மடக்கிப் பிடித்தாள்.

"விடும்மா! இப்ப மருந்து இறங்கலன்னா இவரு தாங்க மாட்டாரு. பம்புல என்னதான் கோளாறு?" என்றாள் நர்ஸ்.

"தெரியல சிஸ்டர். ஓடவிட்டாத்தான் தெரியும்."

நர்ஸின் விரல் பம்பை ஓட்டும் பொத்தான்மேல் அப்படியே நின்றது.