ஓயாத பாங்கு

“யோவ் பாய், வாயை மூட மாட்டியா?”

ஜெசிந்தா மணலில் தடுமாறி ஓடிவந்தாள். கையில் ஜெபமாலை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

விடிந்து எவ்வளவோ நேரம் ஆகியும் கோவளத்துக் கடல்மேல் கவிந்த பனி விலகவில்லை. மற்ற கட்டுமரமெல்லாம் கரை சேர்ந்தாச்சு. அவள் புருஷன் தாவீது மட்டும் வரவில்லை. கரை தெரியாமல் பாறையில் மோதினால் அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தானா தஸ்தகீர் பாய் முழங்கால் தண்ணீரில் நின்று, காதில் விரலை வைத்துக்கொண்டு, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல வேண்டும்? அதுவும் ஓய்வே இல்லை. ஒன்று முடிந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. எப்போதும் மேற்கே பார்த்துச் சொல்கிறவர், இன்றைக்குக் கடலைப் பார்த்து நின்றார்.

யுத்தத்தில் பர்மாவை விட்டு ஓடிவந்து, பத்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக அலைந்து, போன வருஷம்தான் இந்தக் கரையில் குடிசை போட்ட மனுஷன்.

“அவரு குரல் குடுப்பாரான்னு காது குடுத்துகினு கீறேன். நீ கத்துனா எனக்கு இன்னா கேக்கும்?”

பாங்கு நடுவில் பேசும் வழக்கமில்லை. பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்தியா அண்ணாத்த, எவன் செத்தா இன்னா, இவருக்கு இவரு தொழுகைதான் பெருசு.”

மீனவர் தலைவர் செங்கல்வராயனும் தலையாட்டினார். “தாவீது வந்து சேரட்டும். பொழுது சாயறதுக்குள்ள குடிசையைப் பிரிக்கச் சொல்லிடறேன்.”

அப்போதுதான் பனிக்குள் துடுப்புச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா தண்ணீரில் பாய்ந்தாள். நடுங்கிக்கொண்டே இறங்கிய தாவீதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

“கரை எந்தப் பக்கம்னே தெரியலடி. இன்னும் உள்ளார வலிச்சுகினு போயிருப்பேன். பாய் குரல் கேட்டுச்சு. அதைப் புடிச்சுகினே வந்துட்டேன்.”

செங்கல்வராயன் மெல்ல நகர்ந்துகொண்டார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயிடம் போனாள்.

“தொழுகைக்கு இத்தினி வாட்டியா பாங்கு சொல்வாங்க?”

தொண்டை கட்டிப்போய், பாய்க்குப் பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது.

“பர்மாக் காட்டுல நடந்து வந்தப்ப, வழி தவறினவங்களை இப்படித்தான் பாங்கு சொல்லிக் கூப்புடுவோம்மா. இன்னைக்கு விடியறதுக்கு முன்ன முதல்ல சொன்னதுதான் தொழுகைக்கு. மிச்சமெல்லாம் உன் வூட்டுக்காரருக்கு.”