நீளமான வரிசை

தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய தீம் பார்க்கில் ராட்டின வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

“அப்பா, ஸ்பெஷல் பாஸ் எடுத்தா உடனே ஏறிரலாம்,” என்றாள் கனிஷ்கா.

“அதெல்லாம் வேண்டாம்ளா,” என்ற மந்திரமூர்த்தி, பின்னால் நின்றவரையும், “நீங்க முன்னால போங்க அண்ணாச்சி,” என்று அனுப்பிவைத்தார்.

“சரியான கஞ்சம்ப்பா நீங்க!”

அவர் சிரித்தார். “முன்பல்லு எப்பளா விழுந்துச்சு?”

“அது போன மாசமே!”

ஒருவழியாக ராட்டினம் சுற்றி இறங்கினார்கள். வாசலில், அவரைப் பிரிந்து வாழும் மனைவி இந்துமதி மகளின் கையைப் பற்றினாள். “மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ராட்டினம்னுதான பேச்சு? இவ்வளவு நேரமா?”

“வரிசை பெருசு இந்து.”

ஆட்டோவில் ஏறிய கனிஷ்கா அவரையே பார்த்தாள்.

“அப்பா, அடுத்த மாசமும் பாஸ் எடுக்காதீங்க.”