பாப்பாவுக்குக் காவல்

பாப்பா பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இராக்காவல்தான். முன்னிரவு என் வீட்டுக்காரருக்கு, பின்னிரவு எனக்கு. கடல் கடந்து போருக்குப் போய்வந்தவர், பிள்ளை வளர்ப்பையும் பட்டாளமாகவே நடத்துவார். முறை மாறும்போது சத்தம் கூடாது. கால் பெருவிரலை இழுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

போர்முனையில் இவரை அப்படி எழுப்பியவர் கூட்டாளி தொப்பையண்ணன். ஒருநாள் இவர் அசந்து தூங்குவதைப் பார்த்து, விரலை இழுக்காமல் இரு கால்களையும் போர்வையால் இறுக்கிச் சுற்றிவிட்டு, இவர் முறைக்கும் தானே போய் நின்றார். அந்தக் காவலிலிருந்து அவர் திரும்பவில்லை.

நேற்று நான் கண் விழித்தபோது பளபளவென்று விடிந்திருந்தது.

"ராத்திரி முழுக்க நீங்களே பாத்துக்கிட்டீங்களா? மகராசனா இருங்க."

"நானா? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். நீதான் எழுந்திருச்சிருப்பேன்னு நினைச்சேன்."

பால் புட்டி காலியாக இருந்தது. பாப்பாவுக்கு யாரோ துணி மாற்றி, மூட்டை கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டிருந்தார்கள். எழப் பார்த்த இவரால் எழ முடியவில்லை. கால்களில் போர்வை இறுகச் சுற்றியிருந்தது.

போர்வையையும் பாப்பாவின் முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "தொப்பைப் பயலுக்கு ஒழுங்கா ஒரு முடிச்சுப் போட வராது."

சாயங்காலம் கூடத்தில் இன்னொரு மெத்தையை விரித்து, தலையணையும் வைத்தார். "இன்னிக்கு ரெண்டு முறையும் நான் நிக்கிறேன். அவன் தூங்கட்டும்."

இன்று காலை அந்தத் தலையணை நடுவில் குழிந்திருந்தது. மெத்தையைச் சுருட்டக் குனிந்தேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"விடு. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்."