மரத்துக்கு ஒருத்தி

விடுதி ஜன்னலில் உட்கார்ந்து உள்ளே டிவியில் ஓடும் ஒரு காதல் தொடரை விடாமல் பார்த்துவந்தாள் மைனா ஒருத்தி. டாக்டரைக் காதலித்தால் காத்திருந்தே கிழவியாகலாம், பைலட்டுக்கு ஊருக்கு ஒருத்தி இருப்பாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒருநாள் அவள் பெண் மரங்கொத்தி செவ்வியிடம் வந்தாள். “உன் ஆளு கொண்டையனும் மரங்கொத்திதானே? அந்தத் தொழிலே அப்படித்தான்டி. மரத்துக்கு ஒருத்தி வெச்சிருப்பான்.”

“நானும் அதே தொழில்தானே செய்றேன்?”

“நீ பொண்ணு. அது வேற.”

இது என்ன நியாயம் என்று செவ்வி மல்லுக்கட்டினாள். வாதத்தில் ஜெயித்தும்விட்டாள். வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. மறுநாள் கொண்டையன் கிளம்பியதும் பின்னாலேயே பறந்தாள். அவன் கொத்திவிட்டுப் போன வேம்பு, புளி, மா எல்லாவற்றையும் தட்டி, உள்ளே எவளாவது இருக்கிறாளா என்று பொந்து பொந்தாக எட்டிப்பார்த்தாள். எறும்புகள்தான் இருந்தன.

சாயங்காலம் அவள் களைத்துப்போய்ப் பொந்துக்குள் கிடந்தபோது வெளியே மைனாவின் குரல் கேட்டது.

“கொண்டையா, சொல்றேன்னு தப்பா நினைக்காதே. உன் ஆளு இன்னிக்கு இந்தத் தோப்புல ஒரு மரம் விடாம தட்டியிருக்கா.”

செவ்வி பொந்தின் வாயருகே நகர்ந்து காதைக் கொடுத்தாள்.

“பாவம், பசிச்சிருக்கும்” என்றான் கொண்டையன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம்தான். ஒருத்தன் துளிகூடப் பொறாமைப்படவில்லை என்றால், அவன் மனசு வேறெங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

விடிந்ததும் ஆற்றங்கரை மரங்களிலிருந்து தொடங்குவது என்று முடிவுசெய்தாள்.